டி.என்.ஏ. சான்றிதழும் வெள்ளைப் பாம்பும்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் சிலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறார்கள். "சார், பால் பைதான்னு விக்கிற வெளிநாட்டு மலைப்பாம்புக்கு டி.என்.ஏ. சான்றிதழ் தர்றாங்களாம். வெள்ளைக் குட்டி நிச்சயமாம். சான்றிதழ் கையில இருந்தா வனத்துறையும் கேட்காதாம். உண்மையா?"

பொய். வெள்ளைக் குட்டி நிச்சயம் என்பதும் பொய், வனத்துறை கேட்காது என்பதும் பொய். மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சோதனைக்குப் போவது பாம்பு கழற்றிப் போட்ட சட்டை. அதில் ஒரு துண்டை வெட்டி, டி.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட ஒரு மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம். அவ்வளவுதான். உறையில் வந்த சட்டை எந்தப் பாம்பினுடையது என்று ஆய்வகத்துக்கு எப்படித் தெரியும்? வேறொரு பாம்பின் சட்டையை அனுப்பி வாங்கிய காகிதத்தை உங்கள் பாம்போடு சேர்த்து விற்றாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

சட்டை சரியானதே என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கு ஒரே மரபணுவா காரணம்? அமெரிக்காவின் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ப்பவர்களிடம் சட்டைகளைத் திரட்டி, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நிறமி குன்றிப் பிறக்கும் அல்பினோ பால் பைதானில் பழுதானது டி.ஒய்.ஆர். மரபணு; லாவெண்டர் அல்பினோ என்ற இன்னொரு வகையில் ஓ.சி.ஏ.2. இந்த இரண்டையும் இணைசேர்த்தால் பிறக்கும் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம்தான். ஒரே பழுதை மறைவாகச் சுமக்கும் ஜோடியாக இருந்தாலும், ஒவ்வொரு முட்டைக்கும் வெள்ளையாகும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றுகூட வெள்ளையாகாமல் போக ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. இதில் நிச்சயம் எங்கே இருக்கிறது?

அடுத்தது சட்டம். பால் பைதான், வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் அதை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். நிறச் சோதனைக் காகிதத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சிக்கின. அப்படி வந்த பாம்புக்கு எந்த ஆய்வகக் காகிதமும் பரிகாரம் ஆகாது. நம் நாட்டு மலைப்பாம்பையோ நாகத்தையோ, எந்த நிறமானாலும், வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

வெள்ளைப் பாம்பைச் சுற்றிக் கட்டுக்கதைகளும் உண்டு. வயதானால் நாகம் வெளுக்கும் என்பார்கள். வெளுக்காது; அல்பினோ பிறக்கும்போதே அல்பினோ. வெள்ளை நாகத்துக்கு விஷம் இல்லையா? இருக்கிறது, கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 

ஸ்பைடர் என்ற பால் பைதான் வகை தலையை ஆட்டித் தள்ளாடுவதை "நல்லாக் கவனிச்சா சரியாகிடும்" என்று சொல்லி விற்கிறார்கள். சரியாகாது. அந்த நிறத்தோடு சேர்ந்தே உள்காது குறைபட்டு வருகிறது. அழகு என்று நாம் காசு கொடுப்பது அந்தப் பாம்பின் வாழ்நாள் அவஸ்தைக்கு.

நிறத்தின் மீதான இதே ஆசைதான் வெள்ளைப் புலியிலும். 1951-ல் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழிவந்த புலிகளை உறவுக்குள்ளேயே சேர்த்துப் பெருக்கினார்கள். 1960-களில் இங்கே கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சிசாலைக்கும் வந்து சேர்ந்தன. எஸ்.எல்.சி.45.ஏ.2 என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2013-ல் தெரிந்தது. அது தனி இனமும் அல்ல, காப்பாற்ற வேண்டிய அரிய வகையும் அல்ல. அமெரிக்க விலங்குக்காட்சிசாலைச் சங்கம் நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்வதை 2011-லேயே தடுத்துவிட்டது. நம் விலங்குக்காட்சிசாலைகளும் வெள்ளைப் புலியைப் பெருக்குவதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தையும் பணத்தையும் சுந்தரவனத்துப் புலிக்குக் கொடுக்கலாம்.

பையன்களே, பாம்பு விற்பவரிடம் டி.என்.ஏ. காகிதத்தைக் கேட்காதீர்கள். பரிவேஷ் பதிவைக் கேளுங்கள். தயங்கினால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.