டேலி சர்வரைப் புதுக் கணினிக்கு மாற்றுகிறீர்களா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் டேலி ஓடும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லை. எனவே புதுக் கணினி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். வியாபாரக் கணக்கு முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. புதியது சரிப்படாவிட்டால் பழையதற்கு எப்படித் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. நாள் முக்கியம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. அது முடிந்த பிறகு வரும் ஒரு சனிக்கிழமை இரவு, கடைசி பில் போட்டதும் ஆரம்பியுங்கள். மார்ச் கடைசியில் வேண்டவே வேண்டாம்.

2. கணினியையும் டேலி ரிலீஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். புது ரிலீஸுக்கு மைக்ரேட் ஆன டேட்டாவைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது. திரும்பும் வழி அங்கேயே அடைபட்டுவிடும். பழையதில் என்ன ரிலீஸோ, அதையே புதியதிலும் போடுங்கள்.

3. லைசென்ஸ் எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆக்டிவேட் செய்யும்போது அன்லாக் கீ அந்த ஈமெயிலுக்குத்தான் வரும். அது வேலையை விட்டுப்போன கணக்காளருடையதாக இருந்தால், இப்போதே மாற்றிவிடுங்கள்.

4. ஒரு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள். பேக்கப்பைப் புதுக் கணினியில் ரீஸ்டோர் செய்து, எஜுகேஷனல் மோடில் திறந்து பாருங்கள். அந்த மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டுமே என்ட்ரி போட முடியும். ஆனால் ரிப்போர்ட் பார்க்கத் தாராளமாகப் போதும். ரீஸ்டோர் ஆகாத பேக்கப்பை பேக்கப் என்றே எண்ணக் கூடாது.

5. பில் ஃபார்மட்டுக்காகத் தனியாகச் செய்த டிடிஎல் ஃபைல் பேக்கப்பில் வராது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் பழைய பேரலல் போர்ட்டும் புதுக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது.

6. மாற்றும் இரவில் டிரையல் பேலன்ஸ், ரொக்க இருப்பு, குளோசிங் ஸ்டாக், கடைசி பில் எண் ஆகியவற்றைப் பழையதிலிருந்து காகிதத்தில் பிரின்ட் எடுங்கள். புதியதில் திறந்ததும் பைசா சுத்தமாக ஒப்பிடுங்கள்.

7. பேக்கப் எடுத்ததும் பழைய கணினியின் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதன் பெயரையும் ஐபி எண்ணையும் புதியதற்கே கொடுத்தால் மற்ற கணினிகளில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் விடாதீர்கள். யாராவது பழையதில் பில் போட்டால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

8. லைசென்ஸை சரண்டர் செய்வது கடைசி வேலை. ஒப்பீடு எல்லாம் சரியாக வந்த பிறகே பழையதில் சரண்டர், புதியதில் ஆக்டிவேட். கோல்டு லைசென்ஸ் என்றால் ஃபயர்வாலில் 9999 போர்ட் திறந்திருக்க வேண்டும். பழையதற்குத் திரும்ப நேர்ந்தால், முதலில் புதியதில் சரண்டர் செய்ய மறக்காதீர்கள்.

9. ஒரு கெடு வையுங்கள். இருப்பதிலேயே முக்கியமானது இதுதான். ஞாயிறு மாலை 4 மணிக்குள் பில் அச்சாகவில்லை, மற்ற கணினிகள் திறக்கவில்லை என்றால், பேச்சே இல்லாமல் பழையதற்குத் திரும்பிவிட வேண்டும். “இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் சார்” என்று சர்வீஸ் ஆள் சொல்வார். கேட்காதீர்கள். திங்கள் காலை புதியதில் முதல் பில் போட்டுவிட்டால், பிறகு திரும்புவதற்கு அதுவரை போட்டதையெல்லாம் பழையதில் மறுபடி ஏற்ற வேண்டும். திரும்பும் வழி முதல் பில் வரைக்கும்தான் சுலபம்.

10. கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று தயாராக இருக்கட்டும். ஜிஎஸ்டி விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

11. புதியதில் ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். சர்வர் தூங்கினால் கடை முழுவதும் நிற்கும்.

12. பழைய கணினியை ஃபார்மட் செய்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதியதில் ஒரு முழு ஜிஎஸ்டி தாக்கல் முடியும் வரை அப்படியே இருக்கட்டும். அதன் பிறகும் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். ஆண்டுக் கணக்கு தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம்.