சேர்ந்து நடப்போம்

மைசூரில் எங்கள் கற்போர் மையம் மாலையில் நடக்கும். பூக்கட்டுபவர்களும் கட்டட வேலை செய்பவர்களும் படிக்க வருவார்கள். ஒரு நாள் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தேன். எல்லாரும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

“நவம்பர் 14. உலக நீரிழிவு நாள். சர்க்கரை நோயுள்ள ஏழைக் குழந்தைகளுக்காக நடைப்பயணம். வாருங்கள்.”

“நாம் நடந்தால் அவர்கள் நோய் போய்விடுமா, டீச்சர்?” என்று பூக்கட்டும் அக்கா கேட்டார்.

“போகாது அக்கா. நடப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். அந்தப் பணத்தில் மருந்து வாங்குவார்கள்” என்றேன்.

“குழந்தைக்குக்கூடவா சர்க்கரை நோய் வரும்?”

கடைசி வரிசையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். அவர் தலை குனிந்தபடி சொன்னார்:

“என் மகனுக்கு இருக்கிறது. பன்னிரண்டு வயது. இனிப்புக் கொடுத்துக் கெடுத்தேன் என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. காசு இல்லாத நாளில் ஊசி மருந்தைக் குறைத்துப் போட்டிருக்கிறேன்.”

யாரும் பேசவில்லை. பூக்கட்டும் அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இது யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. நம் வயிற்றுக்குள் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் இன்சுலின் சுரக்கிறது. உணவில் கிடைக்கும் சர்க்கரையை உடல் பயன்படுத்த இன்சுலின் வேண்டும். சில குழந்தைகளுக்கு அது சுரப்பது நின்றுவிடுகிறது. இனிப்பு தின்பதால் இப்படி ஆவதில்லை. இது தொற்றுநோயும் இல்லை. இந்தக் குழந்தைகளுக்குத் தினமும் இன்சுலின் வேண்டும். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஏன் நவம்பர் 14?

அது நேரு பிறந்த நாள். பாண்டிங் என்ற கனடா நாட்டு மருத்துவரும் அதே நாளில்தான் பிறந்தார். அவரும் அவருடைய குழுவினரும் 1921-இல் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதை முதலில் போட்டார்கள். அதற்குமுன் இந்த நோய் வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. இன்சுலினின் உரிமையை அவர்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வெறும் ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நடந்த நாள்

காலையில் அரண்மனை அருகே, கோட்டை ஆஞ்சநேயர் கோயில் முன் கூடினோம். அந்தத் தாய் மகனை அழைத்து வந்திருந்தார். அவன் கையில் ஒரு நீல வளையம். அது நீரிழிவு நாளின் அடையாளம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

தேவராஜ மார்க்கெட் அருகே அவன் நின்றுவிட்டான். வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தாய் பையிலிருந்து சர்க்கரையை எடுத்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்.

“ஐயோ, சர்க்கரை நோய்க்காரனுக்குச் சர்க்கரையா?” என்று அக்கா பதறினார்.

கொஞ்ச நேரத்தில் பையன் தெளிந்தான். பிஸ்கட் தின்றான். பிறகு அவனே சொன்னான்:

“ஊசி போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் நடந்தேன், பெரியம்மா. அதனால் சர்க்கரை ரொம்பக் குறைந்துவிட்டது. அப்போது உடனே சர்க்கரை தர வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தாய் இத்தனை நாள் மறைத்ததை மகன் கடைவீதியில் பாடமாகச் சொன்னான்! மெதுவாக நடந்து கே.ஆர். மருத்துவமனை வரை போனோம்.

அடுத்த வாரம் அக்காவும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அந்தத் தாய் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறார்.

நினைவில் வையுங்கள்

1. குழந்தைக்கு அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.
2. மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள்.
3. இன்சுலின் போடுபவர்கள் சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும். கையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும்.

பேசுவோம்

1. அந்தத் தாய் ஏன் நோயை மறைத்தார்?
2. பையனுக்கு ஏன் சர்க்கரை கொடுத்தார்கள்?
3. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?