கணினிக்குள் ஓடும் பந்தய பைக்

2023-இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுபாதையில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அது மோட்டோஜிபி பந்தயம்.

வேகம் 3 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 3 × 3 = 9 மடங்கு! வேகமா முடுக்கினா முன்சக்கரமும் தரையை விட்டுத் தூக்கும். அப்போ ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

2015-இல் டுகாட்டி நிறுவனம் பைக்கின் முன்பக்கம் சின்ன இறக்கைகள் வைத்தது. விமான இறக்கை மேலே தூக்கும். இது கீழே அழுத்தும். ஆனா பெரிசா வெச்சா எதிர்ப்பும் கூடும். சரியான அளவு எது?

பைக்கைச் சுற்றியுள்ள காற்றைக் கணினியில் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகம், அழுத்தம் கணக்கிடுவார்கள். இதுதான் சிமுலேஷன். அதன்பிறகே காற்றுச் சுரங்கம், ஓடுபாதை.

கணினியில் நூறு தடவை விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. கணக்கு எதுக்குன்னு கேட்பவர்களே, உயிர் காக்கவும்தான்!

– 9ஆம் வகுப்பு மாணவி