ஒரே கணினி, ஒரே செட்டிங். வரைபடத்தில் மட்டும் ஏன் வேறு எழுத்தளவு?

கேள்வி: பைதானில் மேட்பிளாட்லிப் கொண்டு ஆய்வுக்கான வரைபடங்கள் போடுகிறேன். அச்சில் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று என் வழிகாட்டி சொன்னதால், ஹோம் கோப்புறையில் உள்ள அமைவுக் கோப்பில் எழுத்தளவை 14 என்று எழுதி வைத்தேன். எல்லா வரைபடங்களிலும் 14 வருகிறது. எங்கள் ஆய்வகத்தின் பழைய மழையளவு வரைபடங்கள் இருக்கும் கோப்புறையில் மட்டும் 10-க்குப் போய்விடுகிறது. லைப்ரரியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். லைப்ரரி கெட்டுவிட்டதா? என் செட்டிங் எங்கே போகிறது?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: லைப்ரரி கெடவில்லை, நிம்மதியாக இருங்கள். உங்கள் செட்டிங்கும் தொலையவில்லை. எழுதி வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. அந்த ஒரு கோப்புறையிலிருந்து வரைபடம் போடும்போது மட்டும் மேட்பிளாட்லிப் உங்கள் கோப்பைத் திறப்பதே இல்லை. ‘சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை’ என்று பொதுவாக எழுதியிருந்தால் நான் எங்கெங்கோ தேட வேண்டியிருந்திருக்கும். எந்தக் கோப்புறை என்று கவனித்துச் சொல்லிவிட்டீர்கள். விடையில் பாதி அதிலேயே வந்துவிட்டது.

முதலில் மறுநிறுவல் விஷயம். லைப்ரரி என்பது பிறர் எழுதி வைத்ததை நம் நிரலுக்குள் அழைத்துக்கொள்ளும் தொகுப்பு. அது சரியாக நடக்கவில்லை என்றால் நீக்கிவிட்டு மறுபடி போடுவது பலருக்கும் கை பழகிய வைத்தியம். செட்டிங் சிக்கலுக்கு அது பலிக்காது. மறுநிறுவல் தொடுவது பைதானின் பொதிகள் இருக்கும் இடத்தை மட்டும்தான். உங்கள் அமைவுக் கோப்பு அங்கே இல்லை. லினக்ஸ் என்றால் ஹோமுக்குள் ‘டாட் கான்ஃபிக்’ என்ற மறைவான கோப்புறையின் உள்ளே, விண்டோஸ், மேக் என்றால் ஹோமுக்குள் ‘டாட் மேட்பிளாட்லிப்’ என்ற கோப்புறையில் அது இருக்கும். நிறுவியும் நீக்கியும் எத்தனை முறை செய்தாலும் அதன் மேல் கை படாது. நல்லதுதான்: பதிப்பு மாறும்போதெல்லாம் நம் விருப்பங்கள் அழிந்தால் யார் தாங்குவது? சிலர் இதற்கு நேர்மாறாக, லைப்ரரி நிறுவப்பட்ட இடத்தில் உள்ள மூலக் கோப்பையே திருத்திவிடுகிறார்கள். அடுத்த பதிப்புக்கு மாறிய அன்றே அந்தத் திருத்தம் போய்விடும்.

இன்னொரு தவறான எண்ணம் கொஞ்சம் நுட்பமானது, அனுபவசாலிகளையே ஏமாற்றுவது. செட்டிங்குகள் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று படியும் என்று நினைப்பது. நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி அப்படித்தான் வேலை செய்கிறது. கணினி முழுமைக்குமான கோப்பு, பயனருக்கான கோப்பு, அந்தத் திட்டத்துக்கான கோப்பு என்று எல்லாவற்றையும் படித்து, கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளும். திட்டக் கோப்பில் உங்கள் மின்னஞ்சல் இல்லையென்றால் பயனர் கோப்பில் இருப்பது செல்லும். அந்தப் பழக்கத்தோடு மேட்பிளாட்லிப்புக்கு வருகிறவர், ‘ஹோமில் 14 என்று போட்டாயிற்று, வேறெங்கும் யாரும் மறுத்துச் சொல்லவில்லை, எனவே 14’ என்று கணக்குப் போடுகிறார். நியாயமான கணக்குதான். இந்த லைப்ரரிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

மேட்பிளாட்லிப் அமைவுக் கோப்பை நான்கு இடங்களில் வரிசையாகத் தேடும். முதல் இடம், நீங்கள் அப்போது நின்று வேலை செய்யும் கோப்புறை. இரண்டாவது, மேட்பிளாட்லிப்ஆர்சி என்ற சூழல் மாறி காட்டும் இடம். சூழல் மாறி என்பது இயங்குதளம் நினைவில் வைத்திருந்து நிரல்களுக்குத் தெரிவிக்கும் ஒரு பெயரும் அதன் மதிப்பும். மூன்றாவது, உங்கள் ஹோமில் உள்ள பயனர் கோப்பு. நான்காவது, லைப்ரரியோடு வரும் மூலக் கோப்பு. இந்த வரிசையில் முதலில் கிடைக்கும் கோப்பை எடுத்துக்கொண்டதும் தேடலை நிறுத்திவிடும். மற்றவற்றைத் திறக்காது, சேர்க்காது, ஒப்பிடாது. எடுத்த கோப்பில் சொல்லாமல் விட்டவை எல்லாம் லைப்ரரியின் சொந்த இயல்பு மதிப்புகளால் நிரப்பப்படும்.

இப்போது உங்கள் மழையளவுக் கோப்புறைக்குள் பாருங்கள். மேட்பிளாட்லிப்ஆர்சி என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும்; உங்களுக்கு முன் அங்கே ஆய்வு செய்த யாரோ வைத்திருப்பார்கள். திறந்தால் கோட்டின் தடிமன், படத்தின் அகலம் என்று நாலைந்து வரிகள் இருக்கக்கூடும். எழுத்தளவு பற்றிய வரி பெரும்பாலும் இருக்காது. அந்தக் கோப்பு முதலிடத்தில் கிடைத்துவிட்டதால் உங்கள் ஹோம் கோப்பு வரை தேடல் வரவே இல்லை. எழுத்தளவு பற்றி அதில் பேச்சில்லாததால் லைப்ரரியின் இயல்பு மதிப்பு வந்து உட்கார்ந்தது. அந்த இயல்பு மதிப்புதான் 10. நீங்கள் எங்கும் எழுதாத அந்த எண் இப்படித்தான் வந்தது.

‘நின்று வேலை செய்யும் கோப்புறை’ என்றேன் அல்லவா, அதை ஊன்றிக் கவனியுங்கள். நிரல் கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது கணக்கில்லை. பைதானை எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதே கணக்கு. அதே நிரலை டெர்மினலில் மழையளவுக் கோப்புறைக்குள் நின்று ஓட்டினால் 10 வரும். ஒரு படி வெளியே வந்து, பாதையைக் கொடுத்து ஓட்டினால் 14 வரும். ஜூப்பிட்டரில் வழக்கமாக நோட்புக் இருக்கும் கோப்புறையே வேலை செய்யும் கோப்புறை ஆகிவிடும். ‘என் கணினியில் சரியாக வருகிறதே’ என்று ஆய்வகங்களில் நடக்கும் வாக்குவாதங்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஊகிக்கவே வேண்டாம், லைப்ரரியையே கேட்டுவிடலாம். மேட்பிளாட்லிப்பில் ‘மேட்பிளாட்லிப்_எஃப்நேம்’ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. செயற்கூறு என்றால் பெயர் சொல்லி அழைத்ததும் ஒரு வேலையைச் செய்து கொடுக்கும் சிறு நிரல். அதை அழைத்தால், தான் படித்த கோப்பு எது என்று பாதையைச் சொல்லிவிடும். மழையளவுக் கோப்புறையில் ஒரு முறை, வேறொரு கோப்புறையில் ஒரு முறை அழைத்துப் பாருங்கள். இரண்டு வேறு பாதைகள் வரும். செட்டிங் சம்பந்தமாக எந்தக் குழப்பம் வந்தாலும், எதையும் திருத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது. லைப்ரரி எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று தெரியாமல் இன்னொரு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்க வீணாகும்.

பாதை சரியாக இருந்தும் மாற்றம் தெரியவில்லை என்றால், ஜூப்பிட்டரைப் பாருங்கள். அமைவுக் கோப்பு படிக்கப்படுவது லைப்ரரியை இம்போர்ட் செய்யும் நேரத்தில், ஒரே ஒரு தடவை. பிறகு கோப்பைத் திருத்திச் சேமித்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் பைதானுக்கு அது தெரியாது. கெர்னலை, அதாவது நோட்புக்கின் பின்னால் ஓடும் பைதானை, நிறுத்தித் தொடங்கினால்தான் புதிய மதிப்பு வரும். இம்போர்ட் வரியை மட்டும் திரும்ப ஓட்டுவதால் பயனில்லை.

கோப்புக்கு மேலே இன்னும் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஸ்டைல் கோப்பு, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் செட்டிங் தொகுப்பு, அமைவுக் கோப்பை மிஞ்சும். நிரலுக்குள்ளேயே ‘ஆர்சிபேராம்ஸ்’ என்ற பட்டியலில் நேரடியாக எழுதும் மதிப்பும் அப்படியே. இவை இரண்டுக்குள் பின்னால் வந்தது வெல்லும். சீபார்ன் போன்ற துணை லைப்ரரிகள் இந்தப் பட்டியலில்தான் கை வைக்கின்றன. சீபார்னின் தீம் அமைக்கும் கட்டளையைக் கொடுத்தால் எழுத்தளவு உட்படப் பலவும் மாறிவிடும். அதைத் துடைத்துவிட்டு உங்கள் கோப்பில் உள்ள மதிப்புகளுக்குத் திரும்ப வேண்டுமானால் ‘ஆர்சி_ஃபைல்_டிஃபால்ட்ஸ்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். பெயரில் ‘ஃபைல்’ இல்லாத ‘ஆர்சிடிஃபால்ட்ஸ்’ உங்கள் கோப்பையும் தாண்டி லைப்ரரியின் இயல்புக்கே கொண்டுபோய்விடும்.

உங்களைப் போலவே கோப்பு எழுத உட்காரும் மற்ற வாசகர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அமைவுக் கோப்பின் பெயருக்குப் பின்னால் விரிவு எதுவும் கிடையாது. விண்டோஸில் நோட்பேடில் எழுதிச் சேமித்தால் ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்புளோரர் அதை மறைத்துவிடுவதால் கண்ணுக்குச் சரியான பெயர்போலவே தெரியும். லைப்ரரிக்கு அது வேறு கோப்பு. நிறங்களிலும் ஒரு பொறி உண்டு. இணையத்தில் எழுதுவதுபோல ஹாஷ் குறியோடு நிறத்தின் எண்ணை எழுதினால், இந்தக் கோப்பில் ஹாஷுக்குப் பிறகு வருவதெல்லாம் குறிப்புரை என்று கழிக்கப்படும். நிறம் போய்விடும். ஹாஷை விட்டுவிட்டு ஆறு எழுத்துகளை மட்டும் எழுதுங்கள். பெயரையோ மதிப்பையோ தவறாக எழுதினால் லைப்ரரி எந்தக் கோப்பில் எந்த வரி என்று எச்சரித்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். வரைபடம் வந்துவிட்டதே என்று அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் விடாதீர்கள்.

சரி, அந்தப் பழைய கோப்பை என்ன செய்வது? அழித்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வகத்தின் முந்தைய வரைபடங்கள் அப்படித் தோற்றமளிப்பதற்கு அதுதான் காரணம். ஹோம் கோப்பு அதனோடு கலக்காமல் இருப்பதும் ஒரு நன்மையே: அந்தக் கோப்புறையை யார் எடுத்துப் போய் ஓட்டினாலும் அவரவர் ஹோம் செட்டிங் குறுக்கிடாமல் ஒரே மாதிரி படம் வரும். உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஆய்வுக்கென்று ஒரு ஸ்டைல் கோப்பு எழுதி, நிரல்களோடேயே வைத்து, ஒவ்வொரு நிரலின் தலையிலும் அதைப் பெயர் சொல்லி அழையுங்கள். அழைத்தது நிரலிலேயே கண்ணுக்குத் தெரியும். எங்கிருந்து ஓட்டினாலும் மாறாதபடி பாதையை முழுதாகக் கொடுங்கள். ஹோம் கோப்பு உங்கள் சொந்த வசதிக்கு மட்டும் இருக்கட்டும். வெளியாகப்போகும் படம் அதை நம்பி இருக்கக் கூடாது.

லைப்ரரியின் இயல்பு மதிப்புகளையும் நம்பி இருக்க முடியாது, அவையும் மாறும். ஜான் ஹன்ட்டர் 2003-ல் வெளியிட்ட இந்த லைப்ரரி, 2017-ல் வந்த 2.0 பதிப்பில் தன் இயல்புத் தோற்றத்தையே மாற்றிக்கொண்டது. எழுத்தளவு 12-லிருந்து 10 ஆனது. படத்தின் அளவு 8-க்கு 6 அங்குலத்திலிருந்து 6.4-க்கு 4.8 ஆனது, அங்குலத்துக்கு 80 புள்ளிகள் என்றிருந்தது 100 ஆனது. பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 640-க்கு 480 புள்ளிகளே வரும். திரையில் படம் அதே அளவில் இருந்தாலும், செட்டிங்கை எழுதி வைக்காமல் இயல்பை நம்பியிருந்தவர்களின் பழைய நிரல்கள் வேறு தோற்றத்தில் படம் போட்டன. பழைய தோற்றம் வேண்டுபவர்களுக்காக ‘கிளாசிக்’ என்ற ஸ்டைலை உடன் கொடுத்தார்கள்.

கடைசியாக உங்கள் வழிகாட்டி சொன்ன குறை. 14 என்று வைத்தும் அது முழுதாகத் தீர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். எழுத்தளவு பாயின்ட்டில் அளக்கப்படுகிறது. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. படம் நீங்கள் வரைந்த அதே அகலத்தில் அச்சானால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இயல்பான 6.4 அங்குலப் படத்தை ஆய்விதழின் 3.2 அங்குலப் பத்திக்குள் சுருக்கி ஒட்டினால் 10 பாயின்ட் எழுத்து 5 ஆகிவிடும், 14 என்பது 7 ஆகிவிடும். எழுத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, இதழின் பத்தி அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ‘ஃபிகர்.ஃபிக்சைஸ்’ என்ற செட்டிங்கில் படத்தின் அகலத்தை அதற்கே வைத்துவிடுங்கள். பிறகு 8 அல்லது 9 பாயின்ட் போதும், சுருக்காமலே ஒட்டலாம். ஸ்டைல் கோப்பில் ‘ஃபான்ட்.சைஸ்’ மாற்றினால், அச்சுக்கோட்டு எண்களும் விளக்கப் பெட்டியும் கூடவே மாறும். தலைப்பு அதைவிட 1.2 மடங்கு பெரிதாக வரும். இவற்றுள் எதற்காவது நேரடியாக ஒரு எண் கொடுத்திருந்தால் அது மட்டும் அசையாமல் நிற்கும். பழைய கோப்பிலிருந்து வரிகளை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அப்படிப்பட்ட எண்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.