பறித்த பின் பழுக்காத பழம்: ஸ்ட்ராபெர்ரியைக் கெடாமல் சந்தை சேர்ப்பது எப்படி?

நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதி ஸ்ட்ராபெர்ரி விவசாயிகளே! காலையில் செடியில் பளபளன்னு இருந்த பழம், சமவெளிச் சந்தைக்குப் போய்ச் சேரும்போது நசுங்கித் தண்ணி விட்டுப்போச்சா? வியாபாரி பாதி விலைதான் தர்றாரா? பறித்த முதல் சில மணி நேரத்தைக் கவனித்தாலே இந்த நஷ்டத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

மா, வாழை போல ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. பிஞ்சாகப் பறித்தால் பிறகு நிறம் ஏறலாம், இனிப்பு ஏறாது. முக்கால் பங்குக்கு மேல் சிவந்த பிறகே பறியுங்கள். உள்ளூரில் விற்பதானால் முழுதும் சிவக்கட்டும்.

பறிக்கும்போது

• வெயில் ஏறும் முன், பனி ஈரம் காய்ந்ததும் பறியுங்கள்.
• பழத்தைப் பிடித்து இழுக்காமல், காம்பைக் கிள்ளி, பச்சை இதழோடு எடுங்கள்.
• நசுங்கியது, பூசணம் பிடித்தது இரண்டையும் அப்போதே தனியே ஒதுக்குங்கள். ஒரு பழத்தின் சாம்பல் பூசணம் பக்கத்துப் பழங்களுக்கும் பரவிவிடும்.
• காற்றுத் துளையுள்ள சின்ன டப்பாவில் நேரடியாக அடுக்குங்கள். கை மாற மாறப் பழம் கன்றிப்போகும்.

கழுவலாமா?

வேண்டாம். ஈரம் பட்டால் பூசணம் சீக்கிரம் வரும். சாப்பிடும் முன் கழுவினால் போதும்.

குளிர்ச்சிதான் காப்பு

பறித்த பழத்தை உடனே நிழலுக்குக் கொண்டு வாங்க. முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குளிரூட்டுங்கள். 0 முதல் 1 டிகிரி செல்சியஸ், 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்தில் சுமார் ஒரு வாரம் தாங்கும். வெளியில் வைத்தால் ஓரிரு நாள்தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பழம் உறைந்து கெடும். குளிரறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். பழத்தின் மேல் நீர் வியர்க்கும்.

உதவி எங்கே?

சிப்பம் கட்டும் அறை, குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றுக்கான மானியம் பற்றி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். உழவன் செயலியிலும் மானியத் திட்ட விவரங்களைப் பார்க்கலாம். லேசாக நசுங்கிய, பூசணம் இல்லாத பழங்களை அன்றே ஜாம் ஆக்கலாம். அதை விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.