சட்டைப்பையில் ஓர் அட்டை

மூன்று ஆண்டுகளுக்கு முன் காலாண்டுத் தேர்வு முடிந்த நேரம். எட்டாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பினேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே 28 கிலோமீட்டர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை என்பதால் எப்போதும் ஓரமாகத்தான் போவேன். அன்று ஒரு வளைவில் சாலையோரம் கல்துகள் சிந்திக் கிடந்தது. நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தது வரை நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து 108க்குச் சொல்லியிருக்கிறார்கள். தலைக்கவசம் அணிந்திருந்ததால் உயிர் பிழைத்தேன். தலையில் உள்அதிர்ச்சி, தோள்பட்டைக் காறை எலும்பில் முறிவு. கண் விழித்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்ல அவர்கள் முயன்றிருக்கிறார்கள். கைப்பேசியின் திரை நொறுங்கி அணைந்துபோயிருந்தது. ஓட்டுநர் உரிமம் பர்ஸில் இருந்தது. உட்காரும்போது உறுத்துகிறது என்று பர்ஸை வண்டியின் டேங்க் கவரில் வைப்பது என் வழக்கம். வண்டியை டீக்கடை ஓரம் தள்ளி நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் மாட்டும் பள்ளி அடையாள அட்டையை மாலையில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். என் சட்டைப்பையில் இருந்தவை ஒரு கைக்குட்டை, ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு, ஒரு சிவப்பு மைப் பேனா.

மருத்துவமனைப் பதிவேட்டில் இப்படி எழுதினார்கள்: ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 45.’ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பதிவேட்டில் மற்றவர் பெயரை அழைத்தவன் நான். அன்றைய பதிவேட்டில் எனக்குப் பெயர் இல்லை.

மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்தில் இருந்த காவலர்தான் தோள்பையைத் திறந்து பார்த்திருக்கிறார். விடைத்தாள் கட்டின் மேலுறையில் பள்ளியின் பெயரும் ஊரும் இருந்தன. அந்த ஊரில் தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்தார். அவர் ரேஷன் கடைக்காரரிடம் கேட்டார். ரேஷன் கடைக்காரர் தலைமையாசிரியரின் எண்ணைக் கொடுத்தார். தலைமையாசிரியர் என் மனைவியிடம் பேசியபோது மணி ஒன்பது. அதுவரை என் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. எனக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது. இளமையில் ஒருமுறை போட்டு, மூச்சுத் திணறிப் பிழைத்தவன். இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அன்று அந்த மருந்து எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால்?

எங்கே தவறினேன்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் பள்ளிக்கு இருசக்கர வாகனத்தில்தான் வருகிறோம். நம் மாணவர்களின் பெற்றோரும் அப்படித்தான்.

அடையாளம் இல்லாததால் எனக்குச் சிகிச்சை தாமதமாகவில்லை. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. தாமதமானது இரண்டு: என் உடலைப் பற்றிய செய்தி மருத்துவரைச் சேர்வது, என்னைப் பற்றிய செய்தி வீட்டைச் சேர்வது.

என்னிடம் அடையாளச் சான்றுகள் இல்லாமல் இல்லை. ஒன்று வண்டியோடு நின்றுவிட்டது, ஒன்று அலமாரியில் இருந்தது, ஒன்று உடைந்த கைப்பேசிக்குள் இருந்தது. விபத்தில் மனிதரும் வண்டியும் பிரிந்துவிடுகிறார்கள். மனிதர் மருத்துவமனைக்கு, வண்டி காவல் நிலையத்துக்கு அல்லது சாலையோரத்துக்கு. தலைக்கவசமும் எங்கேயோ போய்விடும். உடலோடு இருப்பது மட்டுமே உடலோடு வரும்.

முதல் பாடவேளை: இந்தப் பை யாருடையது?

ஆறு வாரம் கழித்துப் பணிக்குத் திரும்பினேன். படிவம் நிரப்புதல் பயிற்சி நடத்த வேண்டியிருந்தது. வங்கிப் படிவத்துக்குப் பதிலாக வேறொன்றைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

ஒரு பழைய தோள்பையில் வண்டிச்சாவி, மூக்குக்கண்ணாடி, பேருந்துச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கடவுச்சொல் போட்ட ஒரு பழைய கைப்பேசி ஆகியவற்றை வைத்து மேசைமேல் வைத்தேன். “இந்தப் பைக்குச் சொந்தக்காரர் சாலையில் மயங்கிக் கிடக்கிறார். யாரிடம் சொல்வது? மூன்று நிமிடத்தில் கண்டுபிடியுங்கள்” என்றேன்.

குழுக்கள் பரபரப்பாகின. மாத்திரையின் பெயரைப் படித்தார்கள். பேருந்துச் சீட்டில் புறப்பட்ட இடத்தைப் பார்த்தார்கள். கைப்பேசியின் பூட்டைத் திறக்க ஏதேதோ எண்களைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று நிமிடம் முடிந்தது. ஒரு மாணவி எழுந்து, “எல்லாம் இருக்குங்க ஐயா. ஆனா ஒண்ணுமே சொல்லல” என்றாள். அன்றைய பாடத்தின் சாரத்தை அவளே சொல்லிவிட்டாள்.

இரண்டாம் பாடவேளை: அறியாதவருக்கு எழுதுவது

மறுநாள் ஆளுக்கோர் அட்டை கொடுத்தேன். வீட்டில் வண்டி ஓட்டுபவருக்காக ஓர் அட்டை எழுதச் சொன்னேன். எழுதியதைப் பக்கத்துக் குழுவிடம் கொடுத்து, “இவரை உங்களுக்குத் தெரியாது. இந்த அட்டையை வைத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

பிழைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒருவன் ‘தொடர்புக்கு: அம்மா’ என்று எழுதியிருந்தான், எண் இல்லை. ஓர் எண்ணில் ஒன்பது இலக்கங்களே இருந்தன. ஒரு மாணவி தன் அப்பாவின் அட்டையில் அப்பாவின் எண்ணையே தொடர்பு எண்ணாக எழுதியிருந்தாள். ஒருவன் கொடுத்த எண் சிம் மாற்றியதால் ஓராண்டாகப் பயன்பாட்டிலேயே இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல்.

ஒரு மாணவன் எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மாவிடம் கைப்பேசி இல்லை. நான் ஏதும் சொல்வதற்குள் அவனுடைய குழுவிலிருந்த மாணவி, “எங்க அம்மா நம்பர எழுதுடா. ரெண்டு வீடு தள்ளித்தானே, ஓடிப்போய்ச் சொல்லிடுவாங்க” என்றாள். ‘பக்கத்து வீடு’ என்று உறவையும் சேர்த்து எழுதினான்.

இன்னொரு மாணவி கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. “அம்மாகிட்டச் சொன்னா பயந்து மயங்கிடுவாங்க ஐயா. மாமா நம்பர எழுதட்டுமா?” முதலில் பேச வேண்டியவர் மிக நெருங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அழைப்பை எடுக்கக்கூடியவராக, பதற்றப்படாமல் கேட்டுக்கொள்பவராக, உடனே கிளம்பி வரக்கூடியவராக இருந்தால் போதும். அவள் மாமாவை முதலிலும் அம்மாவை இரண்டாவதாகவும் எழுதினாள்.

அட்டையில் இருக்க வேண்டியவை

நாங்கள் இறுதியாக முடிவு செய்தவை இவை:

1. பெயர், பிறந்த ஆண்டு, ஊர். (வயது எழுதினால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.)
2. உடனே பேச வேண்டிய இருவர்: பெயர், உறவு, எண்.
3. ஒத்துக்கொள்ளாத மருந்து.
4. தொடர்ந்து இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து. சர்க்கரை நோய், வலிப்பு, இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து ஆகியவை முக்கியம்.
5. இரத்த வகை. சோதித்து உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதலாம். இரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் எப்படியும் சோதிப்பார்கள் என்பதால் ஊகித்து எழுதத் தேவையில்லை.

எழுதக் கூடாதவையும் உண்டு: ஆதார் எண், வங்கி விவரம், கடவுச்சொல், வீட்டுக் கதவிலக்கம். அட்டை தொலைந்தால் யார் கையிலும் கிடைக்கலாம். இதே காரணத்துக்காகக் கைப்பேசி எண்ணை வண்டியின் மேலோ தலைக்கவசத்தின் வெளிப்புறத்திலோ எழுதி வைப்பதும் நல்லதல்ல. மாணவரின் பள்ளி அடையாள அட்டையிலும் எண் பின்பக்கம் இருப்பதே பாதுகாப்பு.

மைப்பேனாவால் எழுதினால் மழையிலும் வியர்வையிலும் கரைந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அகலமான செலோ டேப்பை இருபுறமும் ஒட்டினோம். வெளிமாநிலம் செல்பவர்கள் பின்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்வது நல்லது.

ஆண்கள் சட்டைப்பையில் வைக்கலாம். பெண் ஆசிரியர்களுக்குக் கைப்பை பிரிந்துவிடும் வாய்ப்பு உண்டு. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை உறையின் பின்பக்கம் செருகிக்கொண்டு, வீடு சேரும்வரை அதைக் கழற்றாமல் இருப்பது எளிய வழி. பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும், வண்டியில் நாம் அழைத்துவரும் பிள்ளைக்கும் தனித்தனி அட்டை வேண்டும்.

கைப்பேசி போதாதா?

சக ஆசிரியர்கள் கேட்ட கேள்வி இது. 2005இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் பிராட்ச்சி என்ற ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணைக் கைப்பேசியில் ‘ஐசிஇ’ என்ற பெயரில் பதிந்து வைக்கும்படி பரப்புரை செய்தார். அந்த வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. அன்றைய கைப்பேசிகளைப் பெரும்பாலும் யாரும் திறக்க முடிந்தது. இன்று கைரேகை இல்லாமல் திறப்பதில்லை.

அதனால் இப்போதைய கைப்பேசிகளில் வேறு வசதி தந்திருக்கிறார்கள். அமைப்புகளில் ‘பாதுகாப்பும் அவசரநிலையும்’ என்ற பகுதிக்குச் சென்று மருத்துவத் தகவலையும் அவசரத் தொடர்பையும் பதிந்தால், பூட்டிய திரையில் ‘அவசரநிலை’ என்பதைத் தொட்டு மற்றவர்கள் பார்க்கலாம். ஐபோனில் இதற்கு ‘மருத்துவ அடையாளம்’ என்று பெயர். ஐந்து நிமிட வேலை, இன்றே செய்துவிடலாம். ஆனால் திரை நொறுங்கினால் இதுவும் பயன்படாது என்பது என் அனுபவம். அட்டைக்கு மின்னேற்றம் தேவையில்லை.

மாணவர்கள் கேட்டவை

“அட்டை வச்சிருந்தா நானும் வண்டி ஓட்டலாமா ஐயா?” என்றான் கடைசி வரிசை மாணவன். வகுப்பே சிரித்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்றதும் சிரிப்பு அடங்கியது.

“விபத்துல உதவி செஞ்சா போலீஸ் நம்மளப் பிடிச்சுக்காதா?” என்றாள் ஒருத்தி. அதே சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழைப்பது, கூட்டத்தை விலக்குவது, சட்டைப்பையில் அட்டை இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்வது ஆகியவை மாணவர்களும் செய்யக்கூடியவை. தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கவும், கழுத்தைத் திருப்பவும், வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது என்பதைச் செய்து காட்டினேன்.

வீட்டில் நடந்தது

அட்டைகள் வீட்டுக்குப் போயின. மறுநாள் ஏழெட்டு அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. “அபசகுனமா எழுதிக் குடுக்கறியான்னு பாட்டி திட்டுறாங்க” என்றான் ஒருவன். “நீ எழுதினதாலேயே ஏதாவது ஆகிடும்னு அப்பா வாங்க மாட்டேன்றாரு” என்றான் இன்னொருவன்.

இந்த எதிர்ப்பை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கெட்டதை வாயால் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். அது அன்பினால் வரும் அச்சம். அதைக் கேலி செய்யக் கூடாது. வகுப்பிடமே வழி கேட்டேன். திரும்பிய அட்டைகளின் பின்பக்கம் ‘பார்த்துப் போயிட்டு வாங்கப்பா’ என்று எழுதி, கீழே தங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கம் மேலே தெரியும்படி கொடுத்தபோது, இரண்டு பேரின் அப்பாக்களைத் தவிர மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்து இதுவரை அந்த அட்டைகளுள் ஒன்றே ஒன்றுதான் பயன்பட்டிருக்கிறது. பேருந்தில் ஒருவர் தவறவிட்ட பர்ஸ், உள்ளே இருந்த அட்டையைப் பார்த்து நடத்துநர் பேசியதால் அன்றைக்கே கிடைத்தது. மற்றவை பயன்படாமலே கசங்கிப் பழசாகட்டும் என்பதே என் விருப்பம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எண்களைச் சரிபார்த்து அட்டையைப் புதிதாக எழுதுகிறோம். ஆசிரியர் அறையிலும் அதே நாளில் எழுதுகிறோம். ஆசிரியர் நண்பர்களே, இந்த இதழை மூடிவைத்ததும் ஓர் அட்டையை எடுங்கள். உங்களை அறியாத ஒருவர் சாலையோரம் உங்கள் அருகில் மண்டியிட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். என் அட்டையின் மூன்றாவது வரி: ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது.’