சோனிக் வேக லெவல்கள்: பயில்வோர் எதில் தொடங்குவது?

மேடைக்கு மேடை தாவிச் செல்லும் பிளாட்ஃபார்மர் விளையாட்டுகளில் வேகத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது, சேகா நிறுவனம் 1991இல் மெகா டிரைவ் கருவிக்காக வெளியிடத் தொடங்கிய சோனிக் வரிசையாகும். விளையாட்டு வடிவமைப்பில் ஆர்வம் கொண்ட மாணவர்கள், திருப்புலி நாடு போன்ற கொல்லிமலைப் பகுதியினராயினும் சமவெளி நகரத்தவராயினும், எந்த லெவலை மாதிரியாகக் கொண்டு பழகுவது என்பதை அரை நிமிட யூடியூப் காட்சிகளைப் பார்த்தோ, விலை கூடியது தரமாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் வாங்கித் தந்ததைக் கொண்டோ முடிவுசெய்துவிடுவதால், இவ்வழிகாட்டி தேவையாகிறது.

முதல் ஆட்டத்தின் கிரீன் ஹில் மண்டலத்தை அறியாத ரசிகர் இல்லை என்பதால் அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 2001இல் வெளிவந்த சோனிக் அட்வென்ச்சர் 2இன் சிட்டி எஸ்கேப், சரிவான தெருவில் பலகைமேல் சறுக்குவதில் தொடங்கி, தெருவையே அடைத்துக்கொண்டு துரத்தும் லாரியில் முடிவது, கண்ணுக்கு விருந்துதான்.

எச்சரிக்கை தேவைப்படுவது பூஸ்ட் வகை லெவல்களைப் பற்றியே. ஒரு பொத்தானை அழுத்தியதும் நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்குத் தாவி, எதிரே வருவோரை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆற்றலே பூஸ்ட். இது 2005இல் சோனிக் ரஷ்ஷில் அறிமுகமாகி, 2008இல் சோனிக் அன்லீஷ்டின் பகல் லெவல்களில் முப்பரிமாணம் பெற்றது. வேகம் விரல்நுனியிலேயே கிடைத்துவிடுவதால் பாதையின் மேடுபள்ளத்துக்கு வேலை குறைகிறது. வடிவமைப்பாளர் எத்தனை நீளப் பாதை அமைத்தாலும் அது நொடிகளில் கரைந்துபோகிறது. 2017இல் வந்த சோனிக் ஃபோர்சஸில் பல லெவல்கள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவதோடு, ஆடுபவர் கையை எடுத்தாலும் பாத்திரம் தானே ஓடும் இடங்களும் உண்டு. பார்ப்பவரை மயக்கும் இந்த ஓட்டத்தைப் படியெடுக்கும் மாணவர் கற்பது அலங்காரமே அன்றி அமைப்பு அன்று.

இதற்கு நேர்மாறானது 1992இல் வந்த சோனிக் 2இன் கெமிக்கல் பிளான்ட். இங்கு வேகத்தைத் தீர்மானிப்பது உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு என்று பள்ளி இயற்பியல் கூறும் அதே உந்தம். சரிவில் கூடி ஏற்றத்தில் குறையும் அதன் போக்கு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் பேருந்தில் அமர்ந்தவருக்கு விளக்காமலே புரியும். நின்ற இடத்தில் சுழன்று பாயும் ஸ்பின் டேஷ் இதே ஆட்டத்தில்தான் அறிமுகமானது, அதுவும் இலவச வேகம்தானே என்று கேட்கலாம். ஆனால் அது தொடக்கத்தை மட்டுமே தருகிறது, மீதியை ஏற்ற இறக்கம் பார்த்துக்கொள்கிறது. மேல்பாதையில் பிழையின்றி ஓடுபவர் விரைவாகக் கடக்க, தவறி விழுபவர் கீழே மெதுவான பாதையில் தவிக்க நேர்கிறது. இரண்டாம் பகுதியில் ஊதா நிறத் திரவம் மேலேறிவர, படிக்கட்டுபோல் இடம்மாறும் கட்டைகளின் மீது சரியான தருணம் பார்த்துத் தாவ வேண்டியிருக்கிறது. மூச்சு முட்டப்போவதை அறிவிக்கும் பதற்ற இசை ஒலிக்கத் தொடங்கிய பின் அவசரப்படுபவரே முதலில் மூழ்குகிறார். வேக லெவல் ஒன்றின் நடுவே இப்படிக் காத்திருக்கவைக்கும் துணிவு பின்னாளைய ஆட்டங்களில் அரிதாகிவிட்டது.

இதே மண்டலம் 2011இன் சோனிக் ஜெனரேஷன்ஸில் பழைய முறையிலும் பூஸ்ட் முறையிலுமாக இரு வடிவங்களில் வருவதால், ஒப்பிட்டுக் கற்க அதைவிட வசதியான பாடம் இல்லை. பூஸ்ட்டை ஒழுங்காகக் கையாண்ட ஆட்டமும் அதுவே. 2017இன் சோனிக் மேனியாவிலும் இம்மண்டலம் உண்டு, அதன் இறுதிச் சண்டை வண்ணக் காய்களை அடுக்கும் புதிராக மாறுவது தனி வேடிக்கை.

தாளத்தில் நாட்டமுள்ள மாணவரும் காட்சியில் நாட்டமுள்ள மாணவரும் ஒரே லெவலில் ஒரே பாடத்தைக் காண்பதில்லை. தம் நாட்டம் எதுவென்று தெரியவே ஒரு லெவலைப் பலமுறை, குறிப்பாகக் கீழ்ப்பாதை வழியாகவும், ஆடிப் பார்க்கும் பொறுமை வேண்டும். பெற்றோர் விலையைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை, 1992இன் ஆட்டம் கைபேசியிலேயே ஓடும். ஃபோர்சஸைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கலாம். தொடாமலே விட்டாலும் இழப்பில்லை.